ஒரே தெருவில் வெள்ளமும் வறட்சியும்



2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலை, தென்சென்னையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அரிசி மூட்டையையும் தையல் இயந்திரத்தையும் கட்டிலின்மேல் தூக்கி வைத்துவிட்டு, மூன்று வயது மகளைத் தோளில் சுமந்துகொண்டு மாடி வீட்டிற்குப் போனோம். அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அதே தெரு, அதே வாசல். பிளாஸ்டிக் குடங்களுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றோம். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி, 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் சென்னைக்கு வந்தது.

லாரிக்காக நின்றபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, அன்னிக்கு நம்ம வீட்டுக்குள்ள வந்த தண்ணியெல்லாம் இப்ப எங்கே போச்சு?"

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான், இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடுவதையே பாடமாகக் கொண்ட ஒரு பட்ட மேற்படிப்பு இருப்பதை அறிந்தேன். அதனை 'வளங்குன்றா நகர வடிவமைப்பும் பொறியியலும்' என்று சொல்லலாம். பெயர் நீளமாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். நாளைய தலைமுறைக்குரிய நீரையும் ஆற்றலையும் இன்றே தீர்த்துவிடாமல் ஒரு நகரத்தை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு நடத்துவது என்பதுதான் அதன் பொருள். அதன் அடிப்படைகள் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. என் மகளின் கேள்வியைத் தொடர்ந்து சென்று அவற்றைக் காண்போமா?

ஒரு மனையின் வரவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 10 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 140 செ.மீ. ஒரு கிரவுண்டு மனை என்பது 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். எனவே ஒரு கிரவுண்டில் ஓராண்டில் பெய்யும் மழை 223 × 140 × 10 = சுமார் 3,12,000 லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் ஒரு தடவையில் கொண்டுவந்த நீர், எட்டே எட்டு கிரவுண்டு மனைகளில் ஓராண்டில் பெய்யும் மழைதான்!

ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 1,46,000 லிட்டர் வேண்டும். அப்படியானால் பற்றாக்குறையே இருக்கக் கூடாதே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் வாழ்ந்த காலத்தில் இருந்திருக்காது. இன்று அதே மனையில் அடுக்குமாடி கட்டி எட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்குத் தேவை 11,68,000 லிட்டர். மொட்டை மாடியில் விழும் ஒவ்வொரு துளியையும் பிடித்தாலும் அது தேவையில் கால் பங்கைச் சற்றே தாண்டும்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஆனால், ஒவ்வொரு வீடும் தன் கடமையைச் செய்தாலும் கணக்கு நேராகாது என்பதை மேலே கண்டோம். எனவே வீட்டை விட்டு வெளியே வந்து தெருவையும் ஊரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழிந்தோடும் நீர்

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்கிறது என்று கொள்வோம். மொத்த நீர் 50,000 கன மீட்டர். அந்த இடம் முழுவதும் சிமெண்டும் தாரும் ஆனால், ஏறத்தாழ 90 சதவீதம் வழிந்தோடிவிடும். அதாவது விநாடிக்கு 12.5 கன மீட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றில் சுமார் 12,000 லிட்டர், அதாவது 12 கன மீட்டர், கொள்ளும். விநாடிக்கு ஒரு லாரி வீதம் உங்கள் தெருமுனைக் கால்வாயில் கவிழ்த்தால் என்ன ஆகும்?

அதே இடத்தில் மண் தரையும் மரங்களும் தோட்டங்களும் நிறைய இருந்து, 30 சதவீதம் மட்டுமே வழிந்தோடினால், அளவு விநாடிக்கு சுமார் 4.2 கன மீட்டராகக் குறையும். மீதி மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, கோடையில் கிணற்றில் தலைகாட்டும். வெள்ளமும் வறட்சியும் இரண்டு வேறு நோய்கள் அல்ல என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். டிசம்பரில் தரை குடிக்க மறுத்த நீரைத்தான் ஜூனில் நாம் லாரியில் தேடுகிறோம்.

ஆனால் இங்கும் ஓர் எல்லை உண்டு. 2015 நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை பெய்திருந்தது. டிசம்பர் முதல் தேதி மண் ஏற்கெனவே நிறையக் குடித்து ஊறிப்போயிருந்தது. ஊறிய பஞ்சு மேலும் நீரை உறிஞ்சுமா? அத்தகைய வேளையில் நீர் தங்கி நிற்கத் திறந்த இடம் வேண்டும். அந்த வேலையைச் செய்தவை ஏரிகள்.

ஏரிகள் செய்த வேலை

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியே வழிந்த நீர், வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரியை அடையும். இப்படிச் சங்கிலியாக இறங்கிவந்த நீரின் ஒரு பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக மெதுவாகக் கடலுக்குச் சென்றது. அந்தச் சதுப்பு நிலம் பெரிதும் சுருங்கிவிட்டது. எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

நூறாண்டுகளுக்கு முன்பே இது பற்றிச் சிந்தித்த ஒருவர் சென்னைக்கு வந்திருக்கிறார். ஸ்காட்லாந்து நாட்டவரான பேட்ரிக் கெட்டிஸ், உயிரியல் படித்துப் பின்னர் நகரமைப்பு அறிஞரானவர். 1914-இல் அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலை எம்டன் கப்பல் மூழ்கடித்துவிட்டது. ஆம், சில வாரங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய அதே எம்டன்தான்! நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு சென்னை மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் ஏற்கவில்லை. குளத்தில் மீனும் வாத்தும் இருந்தால் கொசுப் புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. எந்த ஊருக்கும் மருந்து கொடுக்கும் முன் நோயைக் கண்டறிய வேண்டும், அதற்கு ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய முறை.

ஆயினும் 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டது. அங்கேதான் தியாகராய நகர் எழுந்தது. வளரும் நகரத்திற்கு வீடுகள் தேவைப்பட்டன என்பதும் உண்மையே. பின்னாளில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் அமைந்தது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் போன்ற பெயர்களைக் கேட்கும்போது, அந்த இடத்தில் நீர் தங்கியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வெப்பக் கணக்கு

ஏரி இல்லாமற்போனால் இழப்பது நீரை மட்டும்தானா? உள்ளுறை வெப்பம் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியானால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 120 லட்சம் ஜூல். கோடையில் சென்னையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 216 லட்சம் ஜூல். அதில் பாதிக்கு மேற்பட்ட வெப்பம், எதையும் சூடாக்காமல், நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

ஏரியைத் தூர்த்துச் சிமெண்டுத் தளம் போட்டால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி தளத்தையும் காற்றையும் சூடாக்கும். பகலில் சூடேறிய தளம் இரவெல்லாம் வெப்பத்தை வெளிவிடும். நகரத்தின் இரவு சுற்றுப்புறக் கிராமத்தின் இரவைவிடச் சூடாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கு 'நகர வெப்பத் தீவு' என்று பெயர். லண்டனில் இதனை அளந்து, 1818-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் எழுதியவர் லூக் ஹோவர்டு.

இங்கே ஒரு சிக்கலைக் கவனித்தீர்களா? ஆவியாகும் நீர், வெப்பக் கணக்கில் வரவு. நீர்க் கணக்கிலோ செலவு. மேலும், கடற்கரை நகரத்தில் காற்றின் ஈரப்பதம் கூடினால் வியர்வை எளிதில் உலராது. ஒரு பக்கத்தில் எழுதும் எண் மறுபக்கத்தையும் மாற்றுகிறது. நகரப் பொறியியலில் உள்ள கடினமும் சுவையும் இதுதான்.

மின்சாரக் கணக்கு

இனி ஆற்றலைப் பார்ப்போம். 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 1000 லிட்டர் நீரை மேலேற்றச் செய்ய வேண்டிய வேலை: 1000 × 9.8 × 10 = 98,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். பம்பு தன் மின்சாரத்தில் பாதியை வீணாக்கினாலும் 0.055 யூனிட் போதும்.

கடல்நீரைக் குடிநீராக்குவது எப்படி? சவ்வூடு பரவலை நீங்கள் அறிவீர்கள். அதனை எதிர்த் திசையில் நடத்த, பலமான அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வின் வழியே தள்ள வேண்டும். இம்முறையில் 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கிணற்று நீரைப்போல் அறுபது மடங்கு! சென்னையில் மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் இத்தகைய நிலையங்கள் தொடங்கப்பட்டன. மழை பொய்க்கும் ஆண்டில் அவை பெரிய துணை என்பதில் ஐயமில்லை. ஆனால், இலவசமாக வந்த மழைநீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதே கடலிலிருந்து அறுபது மடங்கு ஆற்றல் செலவிட்டுத் திரும்பப் பெறுவதை ஒரு நல்ல கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்வாரா?

பட்ட மேற்படிப்பில் என்ன செய்கிறார்கள்?

கட்டடக் கலைஞர் கட்டடத்தைப் பார்க்கிறார். சாலைப் பொறியாளர் சாலையைப் பார்க்கிறார். குடிநீர்ப் பொறியாளர் குழாயைப் பார்க்கிறார். சாலையை ஓர் அடி உயர்த்தினால் பக்கத்து வீட்டிற்குள் நீர் புகும் என்பது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. இந்தப் பட்ட மேற்படிப்பின் நோக்கம், எல்லாக் கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுதக் கற்றுக்கொடுப்பதுதான்.

பெரும்பாலும் இது இரண்டாண்டுப் படிப்பு. நீரியல், போக்குவரத்து, கட்டடங்களின் ஆற்றல் செலவு, நிலப் பயன்பாட்டுச் சட்டம், பொருளியல் ஆகியவை பாடங்களாக இருக்கும். ஆனால் படிப்பின் உயிர்நாடி 'ஸ்டுடியோ' எனப்படும் செயல்முறை வகுப்பு. பொறியியல், கட்டடக் கலை, புவியியல் என வெவ்வேறு பட்டம் பெற்ற மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்வார்கள். நகரின் ஒரு பகுதி அவர்களிடம் ஒப்படைக்கப்படும். தெருத்தெருவாக நடந்து எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பார்கள். பழைய வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காணாமற்போன வாய்க்கால்களைத் தேடுவார்கள். கணிப்பொறியில் மழையைப் 'பெய்ய வைத்து' எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று பார்ப்பார்கள். பின்னர் தங்கள் திட்டத்தை ஆசிரியர்கள் முன் வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கேள்விகளில் சில, வாய்பாட்டால் தீர்க்க முடியாதவை. ஏரிக்கரையில் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழும் குடும்பத்தை எழுப்பிவிட்டால் ஏரி அகலும். ஆனால், அந்தத் தாய் வேலை செய்யும் வீடுகள் அருகில்தானே இருக்கின்றன? இருபது கி.மீ. தொலைவில் வீடு கொடுத்தால் அவள் எப்படி வேலைக்கு வருவாள்? குழந்தைகளின் பள்ளி என்ன ஆகும்? அதே ஏரியில் எழுந்த பெரிய கட்டடங்களை என்ன செய்வது? நீரின் பாதையைக் கணக்கிடத் தெரிந்தால் மட்டும் போதாது; மக்களிடம் உட்கார்ந்து பேசவும் தெரிய வேண்டும் என்பதை மாணவர்கள் அங்கே கற்கிறார்கள்.

கால்வாய் ஆறாக மாறிய கதை

இதெல்லாம் ஏட்டளவில்தானா, செய்து காட்டியவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே காலாங் ஆறு, பீஷான் பகுதியில் 2.7 கி.மீ. நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. 2012-இல் முடிந்த ஒரு திட்டத்தில் அந்தக் கான்கிரீட்டை உடைத்து, 3.2 கி.மீ. நீளத்திற்கு வளைந்து நெளிந்து செல்லும் ஆறாக மாற்றினார்கள். இரு கரைகளிலும் பூங்கா அமைந்தது.

இதில் உள்ள இயற்பியலைப் பாருங்கள். இரு முனைகளுக்கும் இடையேயான உயர வேறுபாடு மாறவில்லை, தூரம் கூடிவிட்டது. எனவே சரிவு சுமார் 16 சதவீதம் குறைகிறது. கல்லும் செடியும் உராய்வைக் கூட்டுகின்றன. நீரின் வேகம் தணிகிறது. கனமழையின்போது ஆறு அகன்று பூங்காவின் புல்வெளியில் பரவுகிறது. மழை விட்டதும் வடிகிறது. நீர்மட்டம் உயரும்போது பூங்காவில் இருப்பவர்களை எச்சரிக்க விளக்குகளும் ஒலிக்கருவிகளும் உண்டு. வெள்ளத்திற்கு என்று இடம் ஒதுக்கிவிட்டு, மற்ற நாள்களில் அதே இடத்தில் குழந்தைகளை விளையாட விட்டார்கள்.

இப்படிப்பிற்குச் செல்லும் வழி

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுத்துக்கொண்டால் வாசல்கள் பல. சிவில் பொறியியல் நான்காண்டு; கட்டடக் கலைக்கு ஐந்தாண்டு, அதற்கு 'நாட்டா' போன்ற தகுதித் தேர்வு உண்டு; திட்டமிடலிலேயே நான்காண்டு இளநிலைப் பட்டமும் இருக்கிறது. புவியியல், பொருளியல் படித்தவர்களையும் சில நிறுவனங்கள் மேற்படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. பட்டம் பெற்றபின் 'கேட்' தேர்வு எழுதலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, டெல்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி, அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகம், காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள் ஆகியவற்றில் நகரமைப்புத் துறையில் பட்ட மேற்படிப்புகள் உள்ளன. சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பார்க்கலாம்

மேற்படிப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் வெட்டி எடுத்த ஒரு தகர டப்பா போதும். (வெட்டிய விளிம்பு கூராக இருக்கும், பெரியவர் ஒருவரின் உதவியைப் பெறுங்கள்.) பள்ளி மைதானத்தில் டப்பாவை 3 செ.மீ. ஆழம் மண்ணில் அழுத்துங்கள். உள்ளே ஓர் அளவுகோலை நிறுத்தி, நீரை ஊற்றி, நீர்மட்டம் 5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். மரத்தடி, விளையாடும் திடல், சைக்கிள் நிறுத்துமிடம் என மூன்று இடங்களில் செய்து ஒப்பிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது மறுபடியும் செய்யுங்கள். பிறகு உங்கள் பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து, ஆண்டு மழையால் பெருக்கி, அந்த நீர் எங்கே போகிறது என்று குழாயைத் தொடர்ந்து சென்று பாருங்கள்.

அன்று தோளில் வந்த என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் எங்கள் தெருவில் இந்தச் சோதனையைச் செய்தாள். வேப்ப மரத்தடியில் நீர் விரைவாக இறங்கியது. எதிர் வீட்டு வாசலில் டப்பாவை அழுத்தவே முடியவில்லை. கேட் முதல் சாலை வரை சிமெண்டு. தன் குறிப்பேட்டில் அந்த இடத்திற்கு எதிரே 'பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டவள், எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்து பார்த்தாள். அங்கும் சிமெண்டுதான், அதைப் போட்டவன் நான்! மறு வாரம் கொத்தனாரை அழைத்து அதில் பாதியைப் பெயர்த்து எடுத்தோம். இவ்வாண்டு மழைக்குப் பின் அங்கே அவள் மீண்டும் அளக்கப் போகிறாள்.